ராத்திரிக்குச் சம்பளம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் வீட்டுவேலைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதைப் பற்றி எழுதினேன். பாத்திரம் தேய்ப்பவர்களும் சமையல் வேலை பார்ப்பவர்களும் சந்தேகம் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுடையவை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். ஹோம் நர்ஸ் என்பார்கள், அட்டெண்டர் என்பார்கள், சில வீடுகளில் இன்னும் ஆயாதான். சங்க வேலைக்கு முழு நேரமாக வருவதற்கு முன்னால் நானும் இதே வேலையில் இருந்தவள். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அவர்களுக்கு. பெயர்களை எடுத்துவிட்டேன், சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

அக்கா, ஏஜென்சி மூலமாக 24 மணி நேர டியூட்டி பார்க்கிறேன். 82 வயது ஐயா, மறதி நோய். காலை 5 மணிக்கு எழுந்தால் இரவு 10 மணி வரை வேலை ஓயாது. அதற்கப்புறம் படுத்தால், 2 மணிக்கு எழுந்து “ஆபீசுக்கு நேரமாச்சு” என்று வாசல் கதவைத் திறக்கப் போவார். வீட்டுக்காரர்கள் ஏஜென்சிக்கு மாதம் 30,000 கட்டுகிறார்கள். என் கைக்கு 16,000 வருகிறது. “சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் ஃப்ரீதானே, தூங்குற நேரத்துக்கும் சம்பளமா?” என்று ஏஜென்சிக்காரர் சிரிக்கிறார். லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்கிறார். இது சரியா?
– தாம்பரம் வாசகி

சரியில்லை. முதலில் கணக்கைப் போடுவோம். தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு வாரியம் 2007இல் வந்தது. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அரசு சொல்வதற்கு 2018 ஆகிவிட்டது. அப்போது நிர்ணயித்தது மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனாலும் அதை வைத்தே பாருங்கள். காலை 5 முதல் இரவு 10 வரை 17 மணி நேரம். 39ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 663 ரூபாய். 30 நாளுக்கு 19,890. இதில் ராத்திரி ஒரு நிமிஷம்கூடச் சேரவில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனதற்குக் கூடுதல் கூலியும் சேரவில்லை. 2018ஆம் வருஷத்து விலைக்கே உங்கள் 16,000 எட்டவில்லை.

சாப்பாடு ஃப்ரீ என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். நோயாளியை விட்டு நகர முடியாத ஆளுக்குச் சோறு போடாமல் எப்படி வேலை வாங்குவார்கள்? சோற்றையும் படுக்கிற மூலையையும் காட்டித் தன் இஷ்டத்துக்குக் குறைந்தபட்சக் கூலியில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது ராத்திரி. ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருப்பவர் டியூட்டியில்தான் இருக்கிறார். அந்த ஐயா 2 மணிக்குக் கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பார்கள்? உங்களை. அப்படியானால் அந்த நேரம் உங்கள் வேலை நேரம். இதை வாயால் சொன்னால் நிற்காது. 20 ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இரவு எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்கு, மறுபடி எப்போது படுத்தார் என்று தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். இந்த நோட்டு இரண்டு விதத்தில் உதவும். முதலாவது, சம்பளம் கேட்க. இரண்டாவது, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்தனுப்ப. மறதி நோய்க்காரர்களுக்குச் சாயங்காலத்துக்கு மேல் பதற்றம் கூடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பகலில் தூங்கவிடாமல் வெயிலில் நடக்கவைப்பது, சாயங்காலக் காபியை நிறுத்துவது, மருந்து நேரத்தை மாற்றுவது என்று டாக்டர் ஏதாவது செய்ய முடியும். ஐயா தூங்கினால் நீங்களும் தூங்கலாம்.

அப்புறம், வீட்டுக்காரர்களிடம் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லுங்கள். ஏஜென்சி இதைப் பேசக் கூடாது என்று மிரட்டியிருக்கும். பேசுங்கள். 30,000 கட்டுகிறவர்கள் பலருக்கு அதில் பாதிதான் உங்களுக்கு வருகிறதென்று தெரியவே தெரியாது. தெரிந்தபின் வெட்கப்பட்டு இறங்கி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். “அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எப்படியிருந்தாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இரவில் ஆறு மணி நேரமாவது வேறொருவர் ஐயா அறையில் படுக்க வேண்டும், அது மகனாக இருந்தாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். வாசல் கதவுக்கு மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். கடைசியது சின்ன விஷயம்தான், ஆனால் உங்கள் ராத்திரியில் பாதியை அதுவே திருப்பித் தந்துவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். ஏஜென்சியின் பெயரைப் போட்டுக் கொடுங்கள். வீட்டுக்காரர்களை விட ஏஜென்சியைப் பிடிப்பது எளிது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியாகிவிட்டது. மனுவில் அதையும் ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிற அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வேலையில் சேரும்போது என் பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜென்சி வாங்கி வைத்துக்கொண்டது. அம்மா ஆபரேஷனுக்கு 20,000 அட்வான்ஸும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் விலகினால் 25,000 கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து. இப்போது வேலை செய்கிற வீட்டில் அடிக்கிறார்கள். வேறு வீடு கேட்டேன். “கட்டிட்டுப் போ” என்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளமும் நிற்கிறது.
– விழுப்புரம் வாசகி

முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள். அடி வாங்கிக்கொண்டு நோட்டீஸ் காலம் முடிக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கதவைப் பூட்டி வைத்தால் அது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், தனிக் குற்றம். 181க்கு அடியுங்கள், பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, யார் அடித்தது என்பதையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். “விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

சான்றிதழுக்கு வருகிறேன். மாணவர்களின் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் கல்லூரிகளையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ஏஜென்சிக்கு எங்கிருந்து அந்த உரிமை வரும்? “என் சான்றிதழ்கள் உங்களிடம் உள்ளன, தயவுசெய்து திருப்பித் தாருங்கள், இன்ன தேதிவரை சம்பளம் பாக்கி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். நீல டிக் விழுந்தால் போதும், அது ஆதாரம். அவர்கள் “பணத்தைக் கட்டினால் தருவோம்” என்று பதில் போட்டால் இன்னும் நல்லது. அதுவரை ஃபோனில் பேசாதீர்கள்.

பத்திரம் பற்றி ஏஜென்சி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அட்வான்ஸ் வாங்கியது கடன்தான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம், சம்பள பாக்கியில் கழித்துக் கணக்குப் பார்க்கலாம். ஆனால் கடனைக் காட்டி, வேறு எங்கும் போகவிடாமல் ஒரு வீட்டில் வேலை செய்யவைப்பது வேறு சங்கதி. அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976ஆம் வருஷத்துச் சட்டம் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டும் எழுதியதல்ல. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், விசாரிக்க வேண்டியது அவர் பொறுப்பு. வக்கீலுக்குப் பணமில்லையே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், இல்லையென்றால் 15100க்குப் பேசுங்கள்.

ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கென்று சத்தீஸ்கரில் 2013இலும் ஜார்க்கண்டில் 2016இலும் தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்யாமல் நடத்தினால் அதுவே குற்றம் என்று காட்ட அங்கே ஒரு காகிதம் இருக்கிறது. இங்கே பெயர்ப் பலகைகூட இல்லாத மாடி அறையில், மூன்று ஃபோன் நம்பரை வைத்துக்கொண்டு ஏஜென்சி நடத்துகிறார்கள். நம்பரை மாற்றினால் கம்பெனியே மாறிவிடும்.

என் மாமியாருக்குப் பக்கவாதம். கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்களோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். அவளை என் மகள் மாதிரிதான் நடத்துகிறோம். நாங்கள் சாப்பிடுவதைத்தான் அவளும் சாப்பிடுகிறாள். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்கிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரு நாளாவது நாங்கள் ஓய்வெடுக்க வேண்டாமா? உங்கள் பத்தியைப் படித்துவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.
– கோயம்புத்தூர் வாசகி

படித்திருந்தால் சந்தோஷம் அம்மா.

உங்கள் கடிதத்தில் கெட்ட எண்ணம் இல்லை, அது தெரிகிறது. மாமியாரை ஒரு ஹோமில் விட்டுவிடாமல் வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஆனால் மகள் என்ற பேச்சை நாம் இருவரும் ஓரமாக வைத்துவிடலாம். உங்கள் சொந்த மகள் ஆறு மாதம் தொடர்ந்து ஒரு நாள்கூட வெளியே போகாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்து, டயப்பர் மாற்றி, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் பொறுத்திருப்பீர்களா? அந்தப் பெண் வேலைக்கு வந்தவள். அவளுக்குச் சம்பளமும் விடுப்பும் மரியாதையும் கொடுத்தால் போதும். உறவு தானாக வந்தால் வரட்டும்.

“ஒரு நாளாவது நாங்கள் ஓய்வெடுக்க வேண்டாமா” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வரியை அவள் எழுதியதாக நினைத்துக்கொண்டு மறுபடி வாசியுங்கள்.

பக்கவாதம் வந்தவரைத் தூக்குவது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தால்தான் தெரியும். உடம்பின் ஒரு பக்கம் ஒத்துழைக்காது. கட்டிலிலிருந்து வீல் சேருக்கு மாற்றும்போது அவர் எடை முழுவதும் நம் இடுப்பில் இறங்கும். இந்த வேலையில் சில வருஷம் இருந்த பெண்ணிடம் முதுகு வலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்பவரை நான் அநேகமாகச் சந்தித்ததே இல்லை. கட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாடகைக்குக் கிடைக்கிறது, எடுங்கள். நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்குகிற பெல்ட் ஒன்று வாங்குங்கள். காற்றுப் படுக்கை இருந்தாலும் புரட்டிப் போடும் வேலை போகாது, ஆனால் படுக்கைப் புண் வராமல் கொஞ்சம் காப்பாற்றும். இதற்கெல்லாம் ஆகிற செலவு, நல்ல ஆள் இடுப்பு ஒடிந்து நின்றுவிட்டால் அடுத்த ஆள் தேடுவதற்கு ஆகிற செலவை விடக் குறைவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிற ரிலீவர் கிடைப்பார்கள். பக்கத்துத் தெருக்களிலேயே இதே மாதிரி நோயாளி உள்ள இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்தி, ஆளுக்கொரு நாள் பிரித்துக்கொள்ளலாம். அவளுக்கும் ஞாயிறுதான் வேண்டும் என்றில்லை, கேட்டுப் பாருங்கள். விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். வாராந்திர ஓய்வு ஒன்றும் ஊரில் இல்லாத வழக்கமல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆவது உடன்படிக்கை, வீட்டுவேலைத் தொழிலாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. ஜெனீவாவில் இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தது. இன்றுவரை இங்கே அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசாங்கம் செய்யட்டும் என்று உங்கள் வீடும் காத்திருக்க வேண்டுமா?

எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கிற அறையில் கேமரா. நான் உடை மாற்றுவதும் அதில் தெரியும்.
– அண்ணா நகர் வாசகி

கேமரா நோயாளியின் கட்டிலைப் பார்க்கலாம். நீங்கள் உடை மாற்றுகிற, குளிக்கிற இடத்தைப் பார்த்தால் அது போலீஸில் புகார் கொடுக்கக்கூடிய குற்றம். முதலில் திசையை மாற்றச் சொல்லுங்கள், மாற்றாவிட்டால் கேமரா எங்கே இருக்கிறது என்பதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தட்டு விஷயம். நோய்த்தொற்றுக்காக என்றால் நோயாளிக்குத்தான் தனித் தட்டு இருக்க வேண்டும், உங்களுக்கு ஏன்? அது எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தால், நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால், 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வக்கீலிடம் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மகன் ராத்திரி நேரத்தில் தண்ணீர் எடுக்க வருகிற மாதிரி வந்து தொடுகிறான். ஏஜென்சியில் சொன்னேன். “நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, இல்லைன்னா வேற பொண்ணை அனுப்புறேன்” என்கிறார்கள். வீடு என்பதால் ஆபீஸ் சட்டமெல்லாம் செல்லாது என்கிறார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம்

செல்லும். வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருஷத்துச் சட்டம் வீட்டையும் வேலையிடம் என்றே சொல்கிறது. நேரடியாக வந்தவராக இருந்தாலும் ஏஜென்சி மூலம் வந்தவராக இருந்தாலும், பகுதி நேரமோ முழு நேரமோ, வீட்டுவேலை செய்யும் பெண் என்றால் அதில் அடக்கம். ஏஜென்சியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களே ஒரு புகார்க் குழு வைத்திருக்க வேண்டும். வைத்திருக்க மாட்டார்கள், அதையும் புகாரில் எழுதுங்கள். உங்கள் புகார் போக வேண்டிய இடம் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழு. எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேளுங்கள். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வீட்டுவேலைப் பெண்ணின் புகாரில் முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு ஏழு நாளுக்குள் போலீஸுக்கு அனுப்பியாக வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றினால் நேராகக் காவல் நிலையத்துக்கே போகலாம்.

இன்றைக்கு ராத்திரிக்கு: அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று உங்கள் அக்காவுக்கோ தோழிக்கோ தேதி, நேரம் போட்டு ஒரு செய்தி அனுப்பிவையுங்கள். நாளைக்கே கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள், அந்த அம்மா பாவம் என்று பார்க்காதீர்கள். அவரைப் பார்த்துக்கொள்ள மகன் இருக்கிறானே.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி சேலத்திலிருந்து. மூளை பாதித்த முதியவர் குளிப்பாட்டும்போது தவறாக நடக்கிறார், அவர் மேல் புகார் கொடுக்கலாமா என்று. மகன் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. மூளையின் முன்பகுதி பாதித்தவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும், நோயின் வேலை அது. அதற்காக நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. குளிப்பாட்ட ஆண் அட்டெண்டர் வேண்டும் என்று குடும்பத்திடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். “பெரியவர்தானே” என்று சிரித்து மழுப்பினால், அப்போது தப்பு குடும்பத்தினுடையது.

எனக்கு ஆறு மாதப் பயிற்சிதான். இன்சுலின் போடச் சொல்கிறார்கள், போடுகிறேன். இப்போது டிரிப்ஸும் ஏற்றச் சொல்கிறார்கள். கையுறை கேட்டால் “வாஷ் பண்ணிக்கோ” என்கிறார்கள்.
– திருச்சி வாசகி

டிரிப்ஸ் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸின் வேலை. ஏதாவது ஆகிவிட்டால் மாட்டுவது நீங்கள்தான், ஏஜென்சி அல்ல. அவர்கள் உங்களை நர்ஸ் என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது அவர்கள் செய்த மோசடி. இன்சுலினை வீட்டிலுள்ளவர்களே போட்டுக்கொள்ளலாம் என்பதால் பலரும் போடுகிறார்கள். அளவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள்; விரலில் குத்துவது அப்போதுதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கையுறை இல்லாமல் மலம், சிறுநீர், புண் எதிலும் கை வைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா? மூன்று தவணை, முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். செலவை ஏஜென்சியிடம் கேளுங்கள்.

பாட்டியின் தங்கச் சங்கிலியைக் காணோம் என்று ராத்திரி 9 மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போனேன். 12 மணிவரை உட்காரவைத்தார்கள். இரண்டு நாள் கழித்து சங்கிலி அந்தப் பாட்டியின் தலையணை உறைக்குள் இருந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. ஏஜென்சி இப்போது வேலையும் தருவதில்லை.
– மதுரை வாசகி

தலையணை உறை, அரிசி டப்பா, பூஜை அறைச் சொம்பு, பழைய செருப்பு. மறதி நோய்க்காரர்கள் ஒளித்துவைக்கிற இடங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. திருடு போய்விடும் என்ற பயத்தில் அவர்களே ஒளித்துவைப்பார்கள், பிறகு திருடு போய்விட்டது என்பார்கள். குடும்பத்துக்கும் இது தெரியும். ஆனாலும் முதலில் விரல் நீள்வது நம் பக்கம்தான்.

இனி யாருக்கும் இப்படி நடந்தால் இதை நினைவில் வையுங்கள். சாட்சி விசாரணைக்கென்று ஒரு பெண்ணை அவர் தங்கியிருக்கிற இடத்தை விட்டு ஸ்டேஷனுக்கு வரவைக்கக் கூடாது, போலீஸ்தான் அங்கே வந்து கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன், பெண்ணைக் கைது செய்யவும் கூடாது. விதிவிலக்கான நிலை என்றால் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உடம்பைச் சோதிப்பதும் பெண்தான் செய்ய வேண்டும். உங்களை நடத்திய விதத்துக்கு மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். எழுதுங்கள். நாங்கள் உதவுகிறோம்.

புதிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நோயாளி உடம்பில் நகை இருந்தால், கழற்றி வைத்தால்தான் வேலைக்கு வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பீரோச் சாவியை வாங்காதீர்கள், மாத்திரை எடுக்க என்றாலும்.

குவைத்தில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். மாதம் 35,000 என்கிறார் ஏஜென்ட். எனக்கு 27 வயது, எட்டாவது வரை படித்தேன். முதலில் விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா?
– இராமநாதபுரம் வாசகி

போகாதீர்கள். பத்தாவது முடிக்காதவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட் குடியேற்றச் சோதனை தேவைப்படுகிற வகை. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதைத் தாண்டத்தான் விசிட் விசா, துபாய் வழி எல்லாம். அப்படிப் போனால் அரசாங்கக் கணக்கில் நீங்கள் சுற்றுலாப் பயணி. அங்கே அடித்தாலும் சம்பளம் கொடுக்காவிட்டாலும் தூதரகத்தில் காட்ட ஒப்பந்தம் இருக்காது. முறையாகப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இருக்காது.

குவைத்தில் சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015இல் வீட்டுவேலைத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள்: நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் நம் ஊரை விடத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச முறையான வீட்டுவேலை விசாவும் ஒப்பந்தமும் கையில் வேண்டும். 30 வயதுக்கு மேல் போக நினைப்பவர்கள் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். குடியேற்றச் சோதனை தேவைப்படுகிற பாஸ்போர்ட் உள்ள பெண்களை இதுபோன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி.

எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்ட தாத்தா போன வாரம் இறந்துவிட்டார். காரியம் நடக்கிற வீட்டில் சம்பளம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கே ஏஜென்சி கிளம்பச் சொல்லிவிட்டது. 11 நாள் சம்பளம் நிற்கிறது. “பேஷண்ட் போயிட்டார், இனி என்ன கணக்கு” என்கிறார்கள்.
– செங்கல்பட்டு வாசகி

நம் வேலையில் இது எல்லோருக்கும் வரும். வேறு எந்த வேலையிலும் முதலாளி வீட்டுத் துக்கத்தன்றே வேலை போகாது. நீங்களும் அன்று அழுதிருப்பீர்கள், அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் இறந்தது அன்றைக்கு. அதற்கு முந்தைய 11 நாளும் நீங்கள் வேலை செய்தது செய்ததுதான். அந்தக் குடும்பம் ஏஜென்சிக்கு முன்கூட்டியே மாதத் தொகை கட்டியிருக்கும், பாதி மாதத்தைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். ஆக உங்கள் பணம் ஏஜென்சி பையில் இருக்கிறது. 16ஆம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏஜென்சியில் யாரும் இறக்கவில்லை. இன்றைக்கே தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் மனு. குடும்பத்திடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த மாதத்துக்கு ஏஜென்சிக்குப் பணம் அனுப்பிய ரசீதின் ஸ்கிரீன்ஷாட். பெரும்பாலும் தருவார்கள்.

அடுத்த வீட்டில் சேரும்போது, நோயாளி இறந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்று சேர்க்கைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஏஜென்சி எழுதாது. வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள், சிலர் எழுதித் தருகிறார்கள். அப்புறம் வீட்டுவேலைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தீர்களா? 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் போதும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள்.